தலைக்காயச் சிகிச்சையில் செவிலியர்: அறிவும் செயலும்

நம் நாட்டுச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. இறந்தோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாத நிலையில் மாண்டவர்கள் மட்டும் 50,029 பேர். இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள காயங்களுள் உயிரையும் அறிவையும் ஒருங்கே பறிக்கவல்லது தலைக்காயம். சாலை விபத்துக்கு ஆளாவோர் மட்டுமன்றி, கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழும் தொழிலாளர், மரமேறிப் பிழைப்போர், வீட்டில் வழுக்கி விழும் முதியோர் ஆகியோரும் இக்காயத்துக்கு உள்ளாகின்றனர்.

தலைக்காயத்தைப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் சாலை, தலைக்கவசம், ஆம்புலன்ஸ் வண்டி, அறுவை மருத்துவர், சி.டி. ஸ்கேன் கருவி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவை அனைத்தும் தேவையே. ஆனால் ஸ்கேன் எடுத்து முடிந்த பின்னரும், அறுவை சிகிச்சை நடந்தேறிய பின்னரும், கடுமையான தலைக்காயமுற்றவர் பல நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க நேரிடுகிறது. மருத்துவர் நாளில் சில முறை வந்து பார்த்துச் செல்வார். இருபத்து நான்கு மணி நேரமும் படுக்கையருகே இருப்பவர் செவிலியரே. அவர் எதை அறிந்திருக்கிறார், அறிந்ததில் எவ்வளவைச் செய்ய முடிகிறது என்ற இரண்டு கேள்விகளும் நோயாளியின் எதிர்காலத்தோடு நேரடியாகப் பிணைந்தவை.

இரு வகைச் சேதம்

தலையில் அடிபட்ட அந்தக் கணத்திலேயே மூளைத் திசுவில் நேரும் கிழிவு, நசுங்கல், இரத்தக் கசிவு ஆகியவை முதல்நிலைச் சேதம் எனப்படும். இதனைத் தடுக்கத் தலைக்கவசமும் பாதுகாப்பான சாலையும் உதவலாம். நேர்ந்த பின் எந்த மருத்துவமும் இதனை முற்றும் நீக்க இயலாது. அதன்பின் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் தொடர்ந்து நேர்வது இரண்டாம்நிலைச் சேதம். பிராணவாயுக் குறைவு, இரத்த அழுத்தம் தாழ்தல், மூளை வீக்கம், பெருகும் இரத்தக் கட்டி, காய்ச்சல், வலிப்பு, இரத்தச் சர்க்கரையின் ஏற்ற இறக்கம் ஆகியன இதன் காரணங்கள். இவற்றுள் பெரும்பாலானவை கண்டறியத்தக்கவை. உரிய நேரத்தில் கண்டால் தடுக்கத்தக்கவை. தீவிர சிகிச்சைப் பிரிவின் முழு நோக்கமும் இந்த இரண்டாம் சேதத்தைத் தடுப்பதேயாகும்.

இதன் முக்கியத்துவத்தை 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவுபடுத்தியது. கடுமையான தலைக்காயமுற்ற 717 பேரின் பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. தொடக்க நேரத்தில் மேல்நிலை இரத்த அழுத்தம் 90 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியவர்களிடையே இறப்பு பெரிதும் மிகுந்திருந்தது. சாதாரண நோயாளி தாங்கிக்கொள்ளும் சிறு இறக்கத்தையும் காயமுற்ற மூளையால் தாங்க இயலாது என்பது இதனால் பெறப்படும் பாடம். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் மூளைக்காய வழிகாட்டு நெறிகளின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, 50 முதல் 69 வயதுடையோருக்கு மேல்நிலை அழுத்தம் 100க்குக் குறையாமலும், 15 முதல் 49 வயதுடையோருக்கும் 70 வயதைக் கடந்தோருக்கும் 110க்குக் குறையாமலும் இருத்தல் நன்று என்கிறது. ஆகவே 95 என்ற அளவைக் கண்டு ‘பரவாயில்லை’ என எண்ணும் செவிலியர், வேறொரு நோயாளிக்குப் பொருந்தும் அறிவைத் தலைக்காயமுற்றவருக்குப் பொருத்துகிறார் என்றே கொள்ள வேண்டும்.

மூடிய பெட்டியின் கணக்கு

மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. அதனுள் மூளைத் திசு ஏறத்தாழ 80 விழுக்காடும், இரத்தமும் மூளைத் தண்டுவடத் திரவமும் தலைக்குப் பத்து விழுக்காடு வீதமும் இடம் கொண்டுள்ளன. இவற்றுள் ஒன்று பெருகினால் மற்றவை குறைந்து இடம் தர வேண்டும். இல்லையெனில் அழுத்தம் உயரும். 1783இல் மன்றோவும் 1824இல் கெல்லியும் எடுத்துரைத்த இக்கொள்கையே தலைக்காயப் பராமரிப்பின் அடிப்படை. தொடக்கத்தில் திரவமும் இரத்தமும் விலகி இடம் தருவதால் அழுத்தம் அதிகம் மாறாது. அந்த இடம் தீர்ந்தபின் சிறிதளவு வீக்கமும் அழுத்தத்தைத் திடீரென உயர்த்திவிடும். பல மணி நேரம் நிலையாக இருந்த நோயாளி சில நிமிடங்களில் சீர்குலைவது இதனாலேயே.

மூளைக்கு இரத்தம் செல்லும் அழுத்தத்தை ஓர் எளிய கழித்தலால் அறியலாம். சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து மண்டையுள் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பதே அது. நோயாளியின் இரத்த அழுத்தம் 120/75 எனக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 45இல் மூன்றில் ஒரு பங்கு 15. அதனைக் கீழ்நிலை அழுத்தத்தோடு கூட்டினால் சராசரி 90. மண்டையுள் அழுத்தம் 20 ஆயின் மூளைக்குக் கிடைப்பது 70. மூளை வீங்கி மண்டையுள் அழுத்தம் 35 ஆக உயர்ந்து, அதே வேளையில் சராசரி இரத்த அழுத்தம் 80 ஆகத் தாழ்ந்தால், கிடைப்பது 45 மட்டுமே. இது 60க்கும் 70க்கும் இடையே இருத்தல் வேண்டும் என்பது மேற்கூறிய நெறி. மண்டையுள் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் கருவி இல்லாத மருத்துவமனைகளிலும் இக்கணக்கின் பொருளை உணர்ந்த செவிலியர், இரத்த அழுத்தத்தின் சிறு தாழ்வையும் அலட்சியம் செய்யமாட்டார்.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது பெறுகிறது. சேமித்து வைக்கும் வசதி அதற்கு இல்லை.

கிளாஸ்கோ அளவுகோல்

நோயாளியின் உணர்வு நிலையை ‘மயக்கம்’, ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’ என்று அவரவர் மனம்போன சொற்களால் குறித்து வந்த வழக்கத்தை மாற்றியது, கிளாஸ்கோ நகரின் டீஸ்டேல், ஜென்னட் ஆகிய இருவர் 1974இல் வெளியிட்ட அளவுகோல். கண் திறத்தலுக்கு 4 வரையிலும், பேச்சுக்கு 5 வரையிலும், உடலசைவுக்கு 6 வரையிலும் மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன. மொத்தம் 15 முழு உணர்வு. 3 மிகக் குறைந்த நிலை. 13 முதல் 15 வரை இலேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரமானது, 8ம் அதற்குக் கீழும் கடுமையானது எனத் தலைக்காயம் வகைப்படுத்தப்படுகிறது.

உடலசைவுப் பகுதியே அதிகக் கவனத்துக்குரியது. சொன்னதைச் செய்தால் 6. வலி உண்டாக்கும் இடத்தை நோக்கிக் கையைக் கொண்டுவந்தால் 5. வலியிலிருந்து இயல்பாகக் கையை விலக்கிக்கொண்டால் 4. இயல்புக்கு மாறாக மடக்கினால் 3. விறைத்து நீட்டினால் 2. அசைவே இல்லையெனில் 1. நான்குக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் புத்தகத்தில் படிப்பது எளிது. படுக்கையருகே காண்பது எளிதன்று. அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று காட்டிக் கொடுத்தாலன்றி இது கைவருவதில்லை.

பயன்படுத்துவோர் வழக்கமாகத் தவறும் இடங்கள் சில உண்டு. மொத்தத்தை மட்டும் எழுதுவது முதலாவது. மொத்தம் 9 என்பது பல வழிகளில் வரக்கூடியது. மூன்று பகுதிகளையும் தனித்தனியே எழுதினால்தான் எது குறைந்தது என்பது விளங்கும். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தப்பட்டவரால் பேச இயலாது. அவருடைய பேச்சுக்குச் சோதித்துப் பார்த்ததுபோல் 1 எனக் குறிக்காமல், குழாயால் சோதிக்க இயலவில்லை என்று குறிக்க வேண்டும். இமைகள் வீங்கி மூடியவருக்கும் இவ்வாறே. தூக்க மருந்து கொடுத்திருந்தால் அதன் நேரத்தையும் உடன் எழுத வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. தம் மாநிலத்தை விட்டு நெடுந்தொலைவில் பணியாற்றும் செவிலியர் பலர். நோயாளி போஜ்புரியோ ஒடியாவோ சந்தாலியோ மட்டும் அறிந்தவராக இருக்கக்கூடும். செவிலியரின் கேள்வி விளங்காமல் அவர் விழிப்பதைக் ‘குழப்பம்’ என்று குறித்தால், நலமாக உள்ளவருக்கு ஒரு மதிப்பெண் குறையும். அதைவிடக் கேடானது, குழப்பமாகப் பிதற்றுவதை அவருடைய மொழி என்று கருதி விட்டுவிடுதல். உறவினர் ஒருவரைச் சில நிமிடங்கள் உள்ளே அழைத்து, பெயரும் இடமும் மாதமும் அவர் மொழியிலேயே கேட்கச் செய்தல் இதற்கு எளிய மாற்று. ‘காலையில் என்னைத் தெரிந்துகொண்டான், இப்போது தெரியவில்லை’ என்று தாய் கூறும் சொல்லும் பதிவுக்குரிய தகவலே.

அளவுகோலோடு கண்பாவைகளின் அளவு, ஒளிக்கு அவை சுருங்கும் விதம், கை கால்களின் வலிமை, நாடி, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவையும் குறிக்கப்பட வேண்டும். ஒரு பக்கப் பாவை விரிந்து ஒளிக்குச் சுருங்காதிருப்பது உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறி. இரத்த அழுத்தம் உயர்ந்து, நாடி தளர்ந்து, மூச்சு ஒழுங்கு கெடுவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஷிங் விவரித்தார். ஆனால் அம்மூன்றும் சேர்ந்து தோன்றும்போது காலம் பெரிதும் கடந்திருக்கும். அவற்றுக்காகக் காத்திருப்பது கண்காணிப்பாகாது. உணர்வு நிலையில் ஏற்படும் சிறு சரிவே முன்னெச்சரிக்கை.

அன்றாடப் பணிகளில் அடங்கிய சிகிச்சை

செவிலியரின் வழக்கமான பணிகளே மண்டையுள் அழுத்தத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லவை. படுக்கையின் தலைப்பகுதியை 30 பாகை உயர்த்தி, தலையையும் கழுத்தையும் நேர்கோட்டில் வைத்தால் மூளையிலிருந்து இரத்தம் தடையின்றி இறங்கும். கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருந்தாலும், மூச்சுக்குழாயைக் கட்டிய நாடாவோ கழுத்துப் பட்டையோ இறுக்கமாக இருந்தாலும் கழுத்துச் சிரைகள் அழுந்தி அழுத்தம் கூடும். கழுத்தெலும்பு முறிவு இல்லையென உறுதியாகும் வரை நோயாளியைப் பலர் சேர்ந்து உடல் முழுவதையும் ஒரே கட்டையைப் போல் புரட்ட வேண்டும்.

சளியை உறிஞ்சி எடுப்பது தேவையான பணி. ஆனால் மூளைக்குச் சோதனையான பணியும் அதுவே. முன்னதாக முழுப் பிராணவாயு கொடுத்து, ஒரு முறைக்கு 10 முதல் 15 வினாடிக்கு மிகாமல் செய்து, இடையே ஓய்வு தர வேண்டும். மணிக்கு ஒரு முறை என்ற கணக்கில் அன்றி, தேவை கண்டு செய்ய வேண்டும். உடல் துடைத்தல், புரட்டுதல், சளி உறிஞ்சுதல் ஆகியவற்றைத் தொடர்ச்சியாக ஒரே மூச்சில் முடித்துவிடும் வழக்கம் செவிலியருக்கு வசதியானது, நோயாளிக்கு நல்லதன்று.

மண்டையின் அடித்தள எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், உணவுக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்தலாகாது; வாய் வழியாகச் செலுத்த வேண்டும். மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிந்தால் பஞ்சு திணித்து அடைக்காமல், வடிய விட்டுக் குறித்துத் தெரிவிக்க வேண்டும். மானிட்டால் கரைசல் குளிரில் படிகமாக உறையும் இயல்புடையது; படிகங்கள் கரைந்திருப்பதை உறுதி செய்து, வடிகட்டியுள்ள குழாய் வழியே செலுத்தி, சிறுநீரின் அளவையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்து வர வேண்டும். காய்ச்சலைத் தாழ்த்துவதும் வலிப்பை உடனே கண்டறிவதும் இவற்றோடு சேர்ந்தவை.

அறிவும் பழமையுறும்

ஒருமுறை கற்றது வாழ்நாள் முழுதும் போதும் என்ற எண்ணத்துக்குத் தலைக்காய மருத்துவமே மறுப்பு. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் ஸ்டீராய்டு மருந்து பல்லாண்டுகள் பரவலாகத் தரப்பட்டு வந்தது. 2004இல் 10,008 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு ஒன்றின் முடிவு வெளியாயிற்று. மருந்து பெற்றோரில் 21 விழுக்காட்டினரும், பெறாதோரில் 18 விழுக்காட்டினரும் இரு வாரங்களுக்குள் இறந்திருந்தனர். நன்மை தருவதாகக் கருதப்பட்டது தீமை செய்தது. அதுபோலவே, அழுத்தத்தைக் குறைக்க வேகமாக மூச்சூட்டுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. கரியமிலவாயு அளவு மீறிக் குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த ஓட்டமே குறையும் என்பதால், அது இன்று நெருக்கடியில் சிறிது நேரத்துக்கு மட்டுமே உரியதாகியுள்ளது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்தவரிடம் பழைய பாடம் எஞ்சியிருப்பின் அது அவர் குற்றமாகாது. புதிய பாடத்தை அவரிடம் கொண்டுசேர்க்காத ஏற்பாட்டின் குறை அது.

அறிவுக்கும் செயலுக்கும் இடையே

செவிலியர் கல்லூரி மாணவர்கள் இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும்போது வழக்கமாக இரு கருவிகளைக் கையாளுகின்றனர். அறிவை அளக்க வினாத்தாள். செயலை அளக்கக் கவனிப்புப் பட்டியல். இவ்விரண்டையும் தனித்தனியே அளப்பது அவசியம். ‘தலையை எத்தனை பாகை உயர்த்த வேண்டும்?’ என்ற கேள்விக்குச் சரியாக விடையளித்தவரின் நோயாளி மட்டமாகப் படுத்திருப்பது அரிதன்று. செயலை வினாத்தாளால் மட்டும் அளந்தால் கிடைப்பது, செவிலியர் செய்வதாகச் சொல்லும் கணக்கே. தாம் கவனிக்கப்படுவதை அறிந்தோர் அப்போது மட்டும் ஒழுங்காகச் செய்வர் என்பதால், கவனிப்பைப் பல நாட்களும், இரவுப் பணி வேளையிலும் நடத்துவது நல்லது.

இடைவெளிக்கான காரணத்தைத் தேடும்போது செவிலியரின் அக்கறையின்மையை முதலில் குறிப்பிடுவது எளிது. கணக்கோ வேறொன்றைக் காட்டுகிறது. ஒரு நோயாளிக்கு முழு நரம்பியல் கவனிப்புக்கு ஐந்து நிமிடம் ஆகும் எனக் கொள்வோம். ஒரு செவிலியரிடம் ஆறு நோயாளிகள் இருந்தால் ஒவ்வொரு மணியிலும் அரை மணி நேரம் இதற்கே செலவாகும். மருந்து, சளி உறிஞ்சுதல், புரட்டுதல், உணவூட்டல், இரத்தம் பெற்று வருதல், உறவினர்க்கு விடை சொல்லுதல் ஆகிய அனைத்தும் மீதி அரை மணிக்குள் நடந்தேற வேண்டும். இந்நிலையில் மணிக்கொரு பதிவு, பணி முடிவில் ஒரே கையெழுத்தில் எழுதப்படும் எட்டு வரிகளாக மாறிவிடுகிறது. எட்டு வரிகளும் ஒன்றுபோல் இருக்கும். இடையே நேர்ந்த சரிவு அதில் இராது.

மற்றொரு காரணம், செய்தியை மேலே சொல்லும் தயக்கம். நள்ளிரவில் உடலசைவு 5இலிருந்து 4ஆகக் குறைந்ததைக் கண்ட இளம் செவிலியர், ‘ஒரு மதிப்பெண்தானே’ என்ற மறுமொழிக்கு அஞ்சி விடியும் வரை காத்திருக்கலாம். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே பெருகும் இரத்தக் கட்டிக்கு அந்த அவகாசம் போதும். தெளிவாகப் பேசியவர் சில மணி நேரத்தில் ஆழ்ந்த மயக்கத்தில் மூழ்குவது இக்கட்டியின் இயல்பு. உரிய நேரத்தில் அகற்றினால் முழுமையாகப் பிழைக்கக்கூடிய நோயாளியும் அவரே.

கல்வியும் நிர்வாகமும்

நம் நாட்டில் செவிலியர் பட்டப் படிப்பு 1946இல் டில்லியிலும் வேலூரிலும் தொடங்கப்பட்டது. வேலூரில் 1949இலும் சென்னையில் 1950இலும் நரம்பறுவைச் சிகிச்சைத் துறைகள் உருவாயின. 1974இல் பெங்களூரில் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் அமைந்தது. இந்தியச் செவிலியர் குழு, தீவிர சிகிச்சைக்கும் நரம்பியலுக்கும் ஓராண்டுச் சிறப்புப் பட்டயப் படிப்புகளை வகுத்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய ஏற்பாட்டைக் கொணர 2023இல் தேசியச் செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2007–2012) தேசிய நெடுஞ்சாலைகளையொட்டிய அரசு மருத்துவமனைகளில் விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளை உருவாக்கும் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், காயமுற்ற பின்வரும் ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என வரையறுத்தது. அந்த ஒரு மணிக்குப் பின் தொடரும் நாட்களைக் காப்பது தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு.

செயற்கைச் சுவாசம் பெறும் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது ஏற்கப்பட்ட நெறி. இதனை நிர்வாகக் கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று பணிமுறை வீதம் வாரத்துக்கு 21 பணிமுறைகள். ஒருவர் வாரத்தில் 6 பணிமுறைகள் ஆற்றினால் ஒரு படுக்கைக்கு மூன்றரைப் பேர். விடுப்புகளையும் பயிற்சியையும் சேர்த்தால் நான்குக்குக் குறையாத பணியிடங்கள். பத்துப் படுக்கைகள் கொண்ட பிரிவுக்கு நாற்பது பணியிடங்கள் வேண்டும். சுவாசக் கருவிகளை வாங்க ஒதுக்கீடு செய்யும் கோப்பில் இப்பணியிடங்களும் இடம்பெறாவிடில் கருவிகள் மட்டுமே வந்துசேரும்.

செய்யத்தக்கவை

பணியிடங்களை உருவாக்கக் காலமும் பணமும் தேவை. அதுவரை செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள்ளன. பணி மாறும் வேளையில் வருபவரும் செல்பவரும் படுக்கையருகே ஒன்றாக நின்று கிளாஸ்கோ மதிப்பெண்ணைக் கணக்கிடலாம். இருவர் மதிப்பும் வேறுபட்டால் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். புதியவருக்கு அதுவே பயிற்சியாகவும் அமையும். எந்த மாற்றத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியலைத் துறைத் தலைவரின் கையெழுத்துடன் சுவரில் ஒட்டலாம். உடலசைவில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அழைக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தால், நள்ளிரவில் அழைக்கும் செவிலியர் தம் துணிவை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. நரம்பியல் கவனிப்பில் பயிற்சி பெற்றவரைச் சில மாதங்களில் வேறு வார்டுக்கு மாற்றும் சுழற்சி முறையைத் தளர்த்தலாம். மாவட்ட மருத்துவமனைகளின் செவிலியரைப் பெரிய நிலையங்களுக்குச் சில வாரங்கள் அனுப்பி, படுக்கையருகே பழக்கலாம்.

தலைக்காயமுற்று வருவோரில் பலர் உழைக்கும் வயதினர். குடும்பத்துக்குச் சோறு போடுபவர். அவர் பிழைத்தும் நினைவும் பேச்சும் இழந்து திரும்பினால், ஒரு குடும்பம் ஊதியத்தை இழப்பதோடு அவரைப் பராமரிக்க இன்னொருவரின் உழைப்பையும் இழக்கிறது. அந்த இழப்பின் ஒரு பகுதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே தடுக்கப்படக்கூடியது. அதனைத் தடுக்க வல்ல செவிலியருக்கு வேண்டிய அறிவையும், அந்த அறிவைக் கையாள வேண்டிய நேரத்தையும், கண்டதைச் சொல்லும் உரிமையையும் அளிப்பது கல்வியாளரும் நிர்வாகியும் சேர்ந்து ஏற்க வேண்டிய கடமையாகும்.